கிரெடிட் வரலாறு இல்லாதவருக்கு வாடகை வீடு: மூன்று மாத டெபாசிட் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, “உங்கள் பெயரில் பதிவே இல்லை, வீடு தர இயலாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு குடித்தனங்கள் மட்டுமே உள்ள ஒரு வீட்டின் மாடியைப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் வசிக்கும் உரிமையாளர், கிரெடிட் ஸ்கோர் இல்லை என்பதால் மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கிரெடிட் வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக வீடு தர மறுப்பது அதனளவில் சட்டவிரோதம் ஆகாது. ஆயினும், கிரெடிட் ரிப்போர்ட்டை (ஒருவர் கடன்களைத் திருப்பிச் செலுத்திய வரலாற்றைத் தொகுத்துத் தரும் அறிக்கையை) முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ அடிப்படையாகக் கொண்டு மறுக்கிறவர், அல்லது அதே காரணத்தால் கூடுதல் டெபாசிட்டோ ஜாமீன்தாரரோ கேட்கிறவர், அதை உங்களுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் விதிக்கும் கடமை. ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். முடிவை எடுத்தது அந்த நிறுவனம் அல்ல என்பதும், 60 நாட்களுக்குள் நீங்கள் இலவசப் பிரதி கேட்டுப் பெறலாம், பிழை இருந்தால் ஆட்சேபிக்கலாம் என்பதும் சொல்லப்பட வேண்டும். வாய்மொழி அறிவிப்பைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் திரையைத் திருப்பிக் காட்டியது மட்டும் அறிவிப்பு ஆகிவிடாது. ஆகவே அந்த அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “என் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கான அறிவிப்பையும், பயன்படுத்திய ரிப்போர்ட்டைத் தந்த நிறுவனத்தின் விவரத்தையும் எழுத்தில் தருக.” இவ்வளவு போதும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதில் உள்ள பெயரின் எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். தந்தை பெயரும் தன் பெயரும் இடம் மாறிப் பதிவாகி, ஒரே மனிதர் இரண்டு ஆட்களாகக் கிடப்பது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. ஆட்சேபித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்துத் திருத்த வேண்டியது அந்த நிறுவனத்தின் பொறுப்பு.

இனி டெபாசிட். நியூ ஜெர்சிச் சட்டப்படி ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. ஆனால் உங்கள் நிலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமையாளரே குடியிருந்து, வாடகைக்கு விடும் பகுதிகள் இரண்டுக்கு மேற்படாத வீடுகளில், வாடகைதாரர் 30 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து இச்சட்டத்தைக் கோரினாலன்றி அது பொருந்தாது. எனவே கையெழுத்திடும் வேளையில் “இது சட்டவிரோதம்” என்று வாதாடுவது உங்களுக்கு உதவாது. பேசித்தான் குறைக்க வேண்டும். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக அவரிடம் கொடுத்து, ஒன்றரை மாத டெபாசிட்டுக்கு ஒப்புக்கொள்ளக் கேளுங்கள். ஸ்கோர் என்ற எண்ணைவிட, மாதாமாதம் கணக்கில் வந்து சேரும் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதே தனி உரிமையாளர்கள் பலருக்கு நம்பிக்கை தருகிறது என்பது என் அனுபவம்.

நண்பர் ஒருவரை ஜாமீன் நிற்கச் சொல்லும் எண்ணம் இருந்தால், நீங்கள் தவறும் வாடகைக்கு அவரும் பொறுப்பாவார் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அவர் பொறுப்பு தொடராது என்றும் எழுதி வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதிலாக எழுதச் சொல்லி “புது கிரெடிட் எண்” தருவதாகச் சொல்பவர்களை அண்டவே விடாதீர்கள். பொய்யான எண்ணை விண்ணப்பத்தில் எழுதினால் குற்றவழக்கில் சிக்குவது நீங்கள்தான்.

குடியேறிய பிறகு, டெபாசிட் சட்டத்தைக் கோரும் அந்த 30 நாள் அறிவிப்பை உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். சட்டம் பொருந்தத் தொடங்கியபின் டெபாசிட்டை வட்டி தரும் வங்கிக் கணக்கில் வைக்கும் கடமை அவருக்கு வருகிறது. நீங்கள் காலி செய்த 30 நாட்களுக்குள், நியாயமான கழிவுகள் போக, மீதியை வட்டியோடு அவர் திருப்பித் தர வேண்டும்.