டாக்டர் பதில்கள்: வைட்டமின் டி சொட்டு கூடிப்போனால்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். பிறந்ததிலிருந்து வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் ஒரு மில்லி கொடுத்துவருகிறோம். ஊருக்குப் போயிருந்தபோது பாட்டில் தீர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் 'வைட்டமின் டி' என்று கேட்டதற்குச் சின்னக் குப்பியாகத் தந்தார்கள். அதையும் பத்து நாள் ஒரு மில்லி வீதம் கொடுத்ததில் இரண்டு குப்பி முடிந்தது. இப்போதுதான் '5 மில்லியில் 60,000 யூனிட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். நாலு நாளாகச் சரியாகப் பால் குடிப்பதில்லை. வாந்தி எடுக்கிறான், மலம் இறுகிப் போகிறது. பல் முளைப்பதால் அப்படி என்கிறார் மாமியார். வைட்டமின்தானே, தானாகச் சரியாகிவிடுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே போன் செய்து, குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டேன். இதே குப்பி இன்னும் பல வீடுகளில் இருக்கும். அதனால்தான் இங்கும் எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 யூனிட். நீங்கள் முதலில் கொடுத்தது ஒரு மில்லியில் 400 உள்ள மருந்து என்றால் அது சரியான அளவு. இந்தக் குப்பியிலோ ஒரு மில்லியிலேயே 12,000 இருக்கிறது, அதாவது முப்பது மடங்கு. பத்தே நாளில் 1,20,000 யூனிட் உள்ளே போயிருக்கிறது. கிட்டத்தட்ட பத்து மாதத்துக்கான மருந்து! இந்தக் குப்பி பெரும்பாலும் பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை என்று எழுதிக் கொடுப்பது.

வைட்டமின் சி கூடினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது. கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வேலை செய்யும். குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை ரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்கும். கால்சியம் ஏறினால் குடல் மந்தமாகும்; பசி போகும், வாந்தி வரும், மலம் இறுகும். சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. குழந்தை ஒரு பக்கம் பால் குடிக்காது, இன்னொரு பக்கம் துணி மாற்ற மாற்ற நனைத்துக்கொண்டே இருக்கும். நீர் வற்ற வற்றக் கால்சியம் இன்னும் ஏறும். அப்படியே விட்டால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு அரிக்கும், கொஞ்சம் சிணுங்கும். நாலு நாள் வாந்தியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் பல்லின் மேல் பழி போடாதீர்கள். உரம் எடுக்க, சுற்றிப் போட என்று ஒரு நாளைக்கூடக் கடத்த வேண்டாம்.

போகும்போது காலிக் குப்பியையும் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் எடுக்கக்கூடும். கால்சியம் ஏறியிருந்தால் படுக்கையில் சேர்த்து டிரிப் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் கால்சியத்தை இறக்க வேறு மருந்துகளும் உண்டு. கால்சியம் சிரப், மல்டிவிட்டமின் சொட்டு எதுவும் வீட்டில் கொடுத்துவந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள். பலவற்றில் டி கலந்திருக்கும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது.

இந்தத் தவறு உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. சில பாட்டில்களோடு வரும் டிராப்பர், குழந்தைக்கு வேண்டியதைவிட அதிக மருந்தை இழுக்கிறது என்று 2010லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நம் கடைகளில் ஒரு மில்லிக்கு 400 உள்ளதும் கிடைக்கிறது, 800 உள்ளதும் கிடைக்கிறது. 800 என்றால் அரை மில்லிதான் கொடுக்க வேண்டும். 'அதே மருந்துதான், வேற கம்பெனி' என்று கடையில் சொன்னாலும் பெட்டியைத் திருப்பி யூனிட்டைப் படித்த பிறகே காசு கொடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, சரியான அளவில் கொடுத்துவரும் தாய்மார்கள் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. சொட்டு மருந்து இல்லாமல் எலும்பு மென்மையாகி, கால் வளைந்து, ரிக்கெட்ஸ் நோயோடு வரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் மகனுக்கு மறுபடி எப்போது தொடங்கலாம் என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவனுடைய மருத்துவர் சொல்வார். அதுவரை ஒரு சொட்டும் வேண்டாம். தாத்தா, பாட்டிக்கு வாங்கிய 60,000 யூனிட் பாக்கெட்டோ குப்பியோ வீட்டில் இருந்தால், குழந்தை மருந்து வைக்கும் அலமாரியிலிருந்து இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.