வயது கடந்த எண்ணெய் மேடை பாதுகாப்பானதா?

கேள்வி: என் மகன் சரவாக் மாநிலத்தின் மீரிக்கு அப்பால் கடலில் உள்ள ஓர் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறான். 25 ஆண்டுகளுக்கென்று கட்டப்பட்ட மேடையாம். அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டதாம். இன்னமும் அதில் ஆட்களைத் தங்கவைப்பது சரிதானா?
– ஒரு தாயார், செந்தூல், கோலாலம்பூர்.

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால், வடிவமைப்புக் காலம் முடிந்த மறுநாளே மேடை ஆபத்தாகிவிடுவதில்லை. அக்காலத்துக்குள் இருப்பதாலேயே அது பத்திரமானது என்றும் ஆகிவிடாது. 1980 மார்ச் 27 அன்று வடகடலின் நார்வே பகுதியில் கவிழ்ந்து 123 உயிர்களைப் பலிகொண்ட அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடைக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை. ஒரு தாங்குகுழாயில் சிறு கருவியைப் பொருத்துவதற்காகப் போடப்பட்ட பற்றவைப்பில் தோன்றிய விரிசல், அலைகளின் ஓயாத ஆட்டத்தில் வளர்ந்து அக்குழாயையே முறித்துவிட்டது.

ஆகவே வயதைவிட மேடையின் இன்றைய நிலையே முக்கியம். கடலடியில் கால் ஊன்றி நிற்கும் நிலையான மேடைகளில் பொறியாளர்கள் முதலில் பார்ப்பது, எஃகுக் குழாய்கள் கூடும் பற்றவைப்பு இணைப்புகளைத்தான். அலைகள் ஓயாமல் ஆட்டுவதால் உலோகம் வலுவிழக்கும் ‘உலோகச் சோர்வால்’ விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். முக்குளிப்பவர்களோ தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடி இயந்திரங்களோ விரிசலைத் தேடுவதுடன், வெற்றுக் குழாய்க்குள் நீர் புகுந்துள்ளதா என்றும் சோதிப்பார்கள். நீர் புகுந்திருந்தால் எங்கோ துளையோ முழு விரிசலோ இருக்கிறது என்று பொருள். துருவைத் தடுக்கத் தாமே கரையும் அலுமினியக் கட்டிகள் எவ்வளவு மிஞ்சியுள்ளன, கால்களில் படிந்த சிப்பியும் பாசியும் எவ்வளவு தடித்துள்ளன என்பவற்றையும் அளக்க வேண்டும். அந்தப் படிவு தடிக்கத் தடிக்கக் கால்களின்மீது அலையின் விசையும் கூடும்.

இந்த அளவுகளைக் கணினி மாதிரியில் இட்டு, நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் அலையின் விசையைப் படிப்படியாகக் கூட்டி, எந்தக் கட்டத்தில் மேடை சரிகிறது என்று கணக்கிடுவார்கள். ஒரு குழாய் செயலிழந்தாலும் மற்றவை சுமையை ஏற்குமா என்பதும் இதில் தெரிந்துவிடும். பழைய வரைபடங்களை மட்டும் நம்பிச் செய்த கணக்கை நான் மதிப்பீடாகவே ஏற்கமாட்டேன்.

காலம் முடிவது மட்டுமன்றி, புதிய கருவிகள் ஏற்றப்படுவது, தங்குவோர் எண்ணிக்கை கூடுவது, சேதம் கண்டுபிடிக்கப்படுவது ஆகியவையும் மறுமதிப்பீட்டுக்குக் காரணங்களாகும். கடைசியாக நீரடிச் சோதனை நடந்தது எப்போது, அதில் கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டனவா, அதன் பின்னர் மேடையில் சுமை கூடியுள்ளதா என்று உங்கள் மகன் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் தயங்காமல் கேட்கட்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிக் கடல் கொந்தளிப்பதற்கு முன்பே கேட்பது நல்லது.