ஒரே புரொசசர், வேறு லினக்ஸ்: சிஸ்ரூட் கொடுத்தும் ஓடவில்லை என்றால்

வணக்கம். உவர்மலையில் உங்கள் மடிக்கணினி உபுண்டு 22.04, நிலாவெளிப் பாடசாலைக் கணினிகள் டெபியன் 11. சிஸ்ரூட் (டெபியனின் நூலகக் கோப்புகள் இருக்கும் தனி அடைவு) கொடுத்து நிரலைக் கட்டியும் அங்கே ஓட்டும்போது ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று வருகிறது என்கிறீர்கள்.

ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி நூலகம். உபுண்டுவில் இருப்பது 2.35, டெபியனில் 2.31; 2.34 கேட்கிறது என்றால் நிரல் உபுண்டுவின் நூலகத்தோடு இணைந்திருக்கிறது. ஆகவே லிங்க் செய்யும்போது (நிரலை நூலகங்களோடு இணைக்கும்போது) சிஸ்ரூட் போய்ச் சேரவில்லை. அதை சிஃபிளாக்ஸில் (தொகுப்பு விருப்பங்களுக்கான மாறி) வைக்காமல், தொகுப்பியின் பெயரைச் சொல்லும் சிசி மாறியிலேயே ஜிசிசி என்ற தொகுப்பியோடு சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பில்ட் (கட்டும் கணினி), ஹோஸ்ட் (நிரல் ஓடும் கணினி) இரண்டும் ஒரே பெயர் என்பதால், கட்டுமுன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இதைக் குறுக்குத் தொகுப்பாகவே (வேறு கணினிக்காகக் கட்டுவதாகவே) எண்ணாது. சோதனை நிரல்களை உங்கள் மடிக்கணினியில் ஓட்டி, அதன் விடையை டெபியனுக்கும் எழுதிவிடும். ஹோஸ்ட் பெயரின் நடுவில் வரும் ‘பிசி’யை ‘டிரிங்கோ’ என்று மாற்றி, பில்ட் பெயரை மாற்றாமல் அதையும் கூடவே கொடுங்கள், போதும். அந்த இடத்தில் எந்தப் பெயரும் செல்லும்.

ஆனால் நானாக இருந்தால் டெபூட்ஸ்ட்ராப் என்ற கருவியால் டெபியன் 11ஐ ஓர் அடைவில் இறக்கி, சிஎச்ரூட்டுக்குள் (அந்த அடைவையே முழுக் கணினியாக எண்ணி வேலை செய்யும் முறை) கட்டுவேன். புரொசசர் ஒன்றுதானே, எமுலேட்டர் தேவையில்லை. சி பிளஸ் பிளஸ் நூலகத்தின் பதிப்பு வேறுபடும் தொல்லையும் வராது.

எப்படிக் கட்டினாலும் சரி, நிலாவெளிக்குக் கொண்டுபோகுமுன் நிரல் எந்த நூலகப் பதிப்புகளைக் கேட்கிறது என்று காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் பாருங்கள்: ஜிலிப்சி எண் 2.31ஐத் தாண்டக் கூடாது.