பதுவை அந்தோனியார் உயிரோடு இருந்தபோது என்னதான் செய்தார்?

தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் கிறிஸ்தவப் புனிதர் என்பதைத் தாண்டி அந்தோனியாரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. ‘கோடி அற்புதர்’ என்று சொல்லியே வளர்ந்தோம். ஆனால் என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் 1231 மார்ச்சில் இத்தாலியின் பதுவை நகரில் வந்த ஒரு சட்டம்தான். கடனைக் கட்ட முடியாதவரைப் பிடித்துச் சிறையில் போட்ட காலம் அது. தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒப்படைத்துவிட்டால் கடனாளியையும் சரி, அவருக்கு ஜாமீன் நின்றவரையும் சரி, இனிமேல் அடைத்து வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளால் செய்யப்பட்டது என்று சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலம் முழுக்க அவர் தினமும் பிரசங்கம் செய்தார். கோயிலில் இடம் கொள்ளாமல் கூட்டம் திறந்தவெளிக்கு நகர்ந்தது. வட்டிக்காரர்களை அவர் விட்டுவைக்கவே இல்லை. கந்துவட்டியில் மாட்டித் தவிப்பவர்கள்தான் அவரை முதலில் கூப்பிட வேண்டும் என்பேன்.

பிறந்தது லிஸ்பனில். முதலில் அகுஸ்தீனார் துறவு சபையில் இருந்தார். மொரோக்கோவில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளின் உடல்கள் 1220-இல் போர்ச்சுகலின் கொயிம்ப்ராவுக்கு வந்தபோது, தானும் அப்படி உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் சபைக்கு மாறினார். மொரோக்கோ போனதும் நோயில் விழுந்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலைக் காற்று சிசிலிக்குத் தள்ளிவிட்டது. இத்தாலிக்கு அவர் வந்து சேர்ந்த கதை இதுதான்.

அங்கே அவரை யாருக்கும் தெரியாது. வேதம் விளக்குவதைவிட அடுப்படிப் பாத்திரம் கழுவுவதற்குத்தான் லாயக்கு என்று உடனிருந்தவர்கள் நினைத்ததாக அவருடைய மிகப் பழைய சரிதை சொல்கிறது. 1222-இல் இத்தாலியின் போர்லி ஊரில் குருப்பட்டத்துக்காக எல்லோரும் கூடியிருந்தார்கள். பிரசங்கத்துக்கே பேர்போன தொமினிக்கன் துறவிகளும் இருந்தார்கள். பேச யாரும் தயாராக வரவில்லை. கடைசியில் அந்தோனியாரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார் சபைத் தலைவர். தயங்கித் தயங்கி ஆரம்பித்தவர், போகப்போக வேதவசனங்களை அப்படியே கொட்டினார். அத்தனை பேரும் மலைத்துப்போனார்கள்.

அன்றிலிருந்து வட இத்தாலி, தென் பிரான்ஸ் என்று ஊர் ஊராக அலைந்தார். ஜெப உணர்வு அணையாதவரை சகோதரர்களுக்கு இறையியல் கற்றுக்கொடுக்கலாம் என்று பிரான்சிஸ்கன் சபையை நிறுவிய அசிசி பிரான்சிசே அவருக்குக் கடிதம் எழுதினார்.

கடைசிக் காலத்தில் வெரோனா வரை போய், சிறையில் கிடந்த ஒரு பிரபுவை விடச் சொல்லிக் கொடுங்கோலன் எஸ்ஸெலினோவிடம் மன்றாடினார். அவன் மசியவில்லை. 1231 ஜூன் 13-இல் பதுவைக்கு வெளியே இறந்தபோது அவருக்கு வயது சுமார் 36. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1232 மே 30-இல் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.