57 கிலோ எடையுள்ளவர் 80 கிலோ ஆளோடு மல்யுத்தப் பயிற்சி செய்யலாமா?

உங்கள் கிளப்பில் உங்கள் எடைக்கு ஆள் இல்லை போலிருக்கிறது. தாராளமாகச் செய்யலாம், ஆனால் எந்த ஆளோடு என்று பார்த்துச் செய்யுங்கள்.

நானும் 57 கிலோ பிரிவுதான். கல்லூரி அணியில் எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் 86 கிலோ சீனியர் அண்ணன். அவர் என் கழுத்தில் கைபோட்டு எடையைச் சாய்த்தாலே தொடை நடுங்கும். நேராக டபுள் லெக் (இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிப்பது) போனால் கால்களைப் பின்னால் வீசி மொத்தமாக என் முதுகில் இறங்கிவிடுவார், அப்புறம் எழவே முடியாது. அதனால் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்து, அவர் முன்காலை ஊன்றும் நேரம் பார்த்து சிங்கிள் லெக் (ஒரு காலை மட்டும் பிடிப்பது) எடுக்கப் பழகினேன். கால் கையில் வந்ததும் அங்கேயே நிற்காமல் அவர் முதுகுப் பக்கம் போய்விடுவேன். போட்டியில் என் எடைக்காரர்களிடம் அந்தப் பிடி சுலபமாக விழுந்தது. எனக்கு ஈடுகொடுத்து அண்ணனின் கால்களும் வேகம் பிடித்தன.

கனமான ஆள் குப்புறப் படுத்துவிட்டால் அவரைப் புரட்டுவதில் சக்தியை விடாதீர்கள். 1910-இல் லண்டனில் கனமான போலந்து மல்யுத்த வீரர் ஸ்பிஸ்கோ அப்படிப் படுத்தே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, நம் நாட்டு வீரர் காமா பயில்வானோடு சமன் செய்தார். அதே ஆளை 1928-இல் பாட்டியாலாவில் காமா ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தார்.

"எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு?" என்று இங்கே சிலர் கேட்பார்கள். நியாயமான பயம்தான். தூக்கிப் போட்டு மேலேயே விழுவதும், முழங்காலில் பக்கவாட்டாகச் சாய்வதும் ஆபத்து. எங்கள் ஜோடிக்குத் தூக்கி எறிவதையே பயிற்சியாளர் தடுத்திருந்தார். நின்று பிடிப்பது, கீழேயிருந்து தப்பிப்பது, அவ்வளவுதான். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரோடு இறங்காதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது உங்கள் எடை ஆளையும் தேடிப் போங்கள், அந்த வேகம் பெரியவர்களிடம் கிடைக்காது.

காயம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாங்கள் பயிற்சி செய்யும் விரிப்பின் மேல்தான் விருந்தினர் நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிக் கால் குத்திக் கிழிந்ததைத் தைத்துத் தரச் சொல்லி எத்தனை கடிதம் கொடுத்தோம்! கிரிக்கெட் வலைக்கு உடனே பணம் வந்தது, எங்களுக்கு வரவில்லை. அந்தக் கிழிசலில் விரல் மாட்டி ஒரு தம்பிக்கு மூட்டு விலகியது. 86 கிலோ அண்ணனால் எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.