பேரிஜம் காட்டுக்கு நாயுடன் நடக்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். எங்கள் மூன்று வயது லேப்ரடாரும் வருகிறது. விடுதிக்காரர் மூலம் அறிமுகமான ஒருவர், பழைய மூணாறு சாலை வழியாகப் பேரிஜம் ஏரிப் பக்கம் நாயுடனேயே நடைப்பயணம் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். நாய்க்கான வன அனுமதிக்குத் தனியாக 3,000 ரூபாயாம். பாதியை முன்பணமாகக் கட்டிவிட்டோம். நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. வேறு என்ன முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்?

பதில்: மீதிப் பாதியைக் கட்டாதீர்கள். முதல் முன்னெச்சரிக்கை அதுதான்.

நாய்க்கான வன அனுமதி என்று ஒரு சீட்டு கிடையாது. பேரிஜம், 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. சரணாலயத்தில் யார் எதற்காக நுழையலாம் என்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரிடம் ஏதாவது வேலை ஆகிய காரணங்களுக்காக மனிதருக்கு அனுமதி தரலாம். கூட வருகிற பிராணிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழிக்க அதில் வழியில்லை. ஆகவே அந்த 3,000 ரூபாய் வனத்துறைக்குப் போகவில்லை. போகிற இடம் உங்களுக்கே தெரியும்.

இருபது வருடங்களுக்கு மேலாக மலையடிவாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். காசு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் கூட்டிப்போகும் இந்த ‘அண்ணன்’களையும் நாய்களைத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியும். “ரேஞ்சர் நம்ம ஆள்தான்” என்று தொடங்குவார்கள். ரசீது கேட்டால், “அதெல்லாம் கேட்டால் கோபப்படுவார்” என்பார்கள். சிலர் உங்கள் வண்டியின் இ-பாஸை எடுத்துக் காட்டி, “இதோ அனுமதி” என்றுகூடச் சொல்வதுண்டு. இ-பாஸ் என்பது சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் மலைக்கு வரும் வண்டிகளைக் கணக்கெடுக்க வந்த ஏற்பாடு. இணையத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. அதற்கும் காட்டுக்கும் சம்பந்தமில்லை. அதற்கே ஐநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பிடிபட்டால் அண்ணன் இருக்க மாட்டார். புதரோரம் அவருக்கு வேறு பாதை தெரியும். நீங்களும் குழந்தைகளும் நாயும்தான் நிற்பீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். பெரும்பாலும் வழக்குக்குப் போகாமல் இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், காக்கி போட்டிருந்தாலும், அதற்குப் பெயர் அபராதம் அல்ல.

இப்போது உங்கள் அண்ணன் சொல்லப்போகிற வாதம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் விழுகிறார்கள். சரணாலயத்தின் ஊடாகப் போகும் பொதுச் சாலையில் கடந்து செல்பவருக்கு அனுமதி தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. உண்மைதான். “பழைய மூணாறு சாலையும் சாலைதானே அம்மா?” என்பார். அந்தச் சாலையில் பொதுப் போக்குவரத்து நின்று பல வருடங்களாகின்றன. பேரிஜம் வரை போவதற்கே வனத்துறை எண்ணி எண்ணித்தான் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிறது. வாசலில் கட்டை போட்டுச் சீட்டுக் கேட்கிற இடம் பொதுச் சாலை ஆகாது. அடுத்தது, ‘கடந்து செல்பவர்’ என்ற சொல். ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குகிறவர்தான் அவர். உண்மையான பொதுச் சாலையில் அப்படிக் கடக்கும்போது வண்டிக்குள் நாய் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை, கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிடுங்கள். நடுவில் நிறுத்தி, கதவைத் திறந்து, நாயைச் சிறுநீர் கழிக்க மரத்தடிக்குக் கூட்டிப்போனால் நீங்கள் கடந்து செல்பவர் அல்ல, நுழைந்தவர். மலைச்சாலையில் வந்துபோகும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். இந்த ஒரு விலக்கைத் தவிர, உங்களுக்குப் பொருந்தும்படி வேறு எதுவும் இல்லை.

வனத்துறையே முறையாக நடத்தும் நடைப்பயணங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தார்கள். நல்ல ஏற்பாடு, வழிகாட்டியும் கூடவே வருவார். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

“தடுப்பூசிதான் போட்டாயிற்றே” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோது, பரிசோதனையில் டிஸ்டெம்பர் வைரஸ் தென்பட்டது. நாய்களைத் தாக்குவதும் அதே வைரஸ்தான். நம் மலைகளில் செந்நாய்களுக்கு அது வந்தால் கூட்டம் கூட்டமாகப் போய்விடும். உங்கள் லேப்ரடாரால் அந்த ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் தடுப்பூசி சிறுத்தையைத் தடுக்காது. சிறுத்தைக்கு நாய் பிடித்த உணவு. யானையையும் தடுக்காது. காட்டில் நாய் முன்னால் ஓடி, புதரில் நிற்கும் யானையைப் பார்த்துக் குரைக்கும். யானை திரும்பும். நாய்க்கு அப்போது தைரியம் போய்விடும், நேரே உங்களிடம் ஓடி வரும். பின்னாலேயே யானையும் வரும். காட்டுமாடு விஷயத்திலும் கரடி விஷயத்திலும் இதே கதைதான். எத்தனை பழக்கிய நாயாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடம் நீங்கள்தான்.

போன வருடம் ஒரு பீகிள் நாயைக் கொண்டுவந்தார்கள். பத்து நாளாக ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டுச் சொட்டாக ரத்தம். ஓயாமல் தும்மல். மூன்று இடங்களில் காட்டி, ஆன்டிபயாட்டிக் ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆகியிருந்தது. “மலையில் ஓடைத் தண்ணீர் குடித்ததா?” என்று கேட்டேன். குடித்ததாம். மாலை வரை தண்ணீர் வைக்காமல் தாகத்தோடு இருக்கச் செய்து, பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேரே பிடித்தோம். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடம் மூக்குத் துளையிலிருந்து கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது, உள்ளே போனது, மறுபடி நீண்டது. இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தேன். என் சுண்டுவிரல் நீளத்துக்கு அட்டை. அந்த நாயைக் காட்டுக்குள் கூட்டிப்போனதும் யாரோ ஓர் அண்ணன்தான்.

கோபத்தை அண்ணன்கள் மீது மட்டும் காட்டுவதும் நியாயமில்லை. ஒரு சரணாலய வாசலில் ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதியில்லை’ என்ற பலகை துருப்பிடித்து, பிராணிகள் போய் ‘அனுமதி’ மட்டும் மிச்சமிருந்தது. சோதனைச்சாவடி ஊழியர் சோறு போட்டு வளர்க்கும் நாய்கள் இரண்டு கட்டைக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தன. சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. கால்நடை என்றால் எவை என்ற பட்டியலில் ஒட்டகம் இருக்கிறது, கழுதை இருக்கிறது, வாத்துகூட இருக்கிறது. நாயின் பெயர் இல்லை. மலைக்கிராமத்து நாய்களுக்கு ஊசி போடலாமே என்று நான் ஒரு மனு எழுதினேன். ஒரு அலுவலகம், கால்நடைத் துறையைப் பாருங்கள் என்றது. அங்கே, வனத்துறை கடிதம் வேண்டும் என்றார்கள். மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சரணாலய அனுமதி தேவையில்லை போலும்.

சரி, உங்கள் நாய் எங்கே நடப்பது? கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், கூட்டம் கூடுமுன் காலையில் நடக்கலாம், கயிறு கட்டாயம். இன்னும் அமைதி வேண்டுமென்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பட்டா நிலத்துக் காப்பித் தோட்டங்களில் தங்குங்கள். உரிமையாளரிடமே நேரில் கேளுங்கள், “இந்த வாரம் யானை வந்ததா?” என்பதையும் சேர்த்து. வெயில் ஏறிய பிறகு புறப்பட்டு, ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். இரவில் நாய் உங்கள் அறைக்குள் தூங்கட்டும், வராந்தாவில் கட்டாதீர்கள். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தினமும் விரலிடுக்கு, காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் சோர்வு, காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு தெரிந்தால், மலைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

முன்பணத்தை விடுதிக்காரரிடமே திருப்பிக் கேளுங்கள், அறிமுகம் செய்தவர் அவர்தானே. புறப்படும் நாள் காலையில் நாய்க்குச் சாப்பாடு வேண்டாம். வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். பின்சீட்டில் பழைய போர்வை ஒன்றை விரித்துவிடுங்கள்.