மொரீஷியஸ் சீனர்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சீனர்களும் நம்மவர்கள் போலக் கரும்புத் தோட்டக் கூலிகளாகத்தான் மொரீஷியஸ் போனார்களா?

பதில்: அப்படிப் போனவர்களும் உண்டு. ஆனால் அங்கே வேரூன்றியவர்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடித் தாங்களாகவே கப்பலேறியவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்சீனாவின் மெய்ஷியன் பகுதியிலிருந்து ஹக்காக்கள் (தனிமொழி பேசும் ஒரு சீனப் பிரிவினர்) வரத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே சீனர் என்றால் அநேகமாக ஹக்காதான்.

கேள்வி: கையில் காசில்லாமல் ஊருக்கு ஊர் கடை போட்டது எப்படி?

பதில்: எல்லாம் கடன்தான். புதிதாக வந்த பையன் சொந்தக்காரர் கடையில் எடுபிடியாகச் சேர்வான், சில வருஷத்தில் தொழில் பிடிபட்டதும் தலைநகர் போர்ட் லூயிஸ் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கெடுத்து ஏதாவது ஒரு தோட்டத்துப் பக்கம் தனிக்கடை வைப்பான். அவனிடம் தோட்டக் கூலிக்காரர் (தமிழர்களும் இதில் சேர்த்தி) அரிசி, பருப்பு, எண்ணெய், உப்புமீன் எல்லாம் நோட்டில் எழுதிவைத்து வாங்குவார், கூலி வந்ததும் தீர்ப்பார். நம்மூர் அண்ணாச்சி கடைக் கணக்குதான். முன்னால் கடை, பின்னால் குடித்தனம். பேச்சு கிரியோலில் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி), தேவைப்பட்டால் பீகார்க் கூலிகளின் போஜ்புரியிலும்.

கேள்வி: அவர்களுடைய குடும்பப் பெயர் மட்டும் ஏன் மூன்று துண்டாக இருக்கிறது?

பதில்: பதிவு செய்த குமாஸ்தா உபயம்! அப்பாவின் முழுப்பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். 'லி வான் போ' போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. அதனால் கூடப்பிறந்த அண்ணன் தம்பி வாரிசுகளே வேறுவேறு குடும்பப் பெயரோடு இருப்பதுண்டு. இந்தக் கடைக்காரர்களில் மந்திரியானவரும் உண்டு: மொரீஷியஸ் 25 ரூபாய் நோட்டில் இருக்கும் மொய்லின் ஜான் ஆ-சுவென், கடை வியாபாரத்திலிருந்து மந்திரி பதவி வரை போனவர்.

கேள்வி: பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளிலும் சீனர்கள் கடைக்காரர்கள்தானே, அங்கே மட்டும் ஏன் சைனாடவுனைக் (சீனர் கடைவீதியை) கொளுத்தினார்கள்?

பதில்: வெறும் சீன வெறுப்பு என்று முடித்துவிடாதீர்கள். 2006 ஏப்ரலில் ஸ்னைடர் ரினி பிரதமரானபோது சீனர் பணம் கொடுத்து எம்.பி.க்களை வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பித் தலைநகர் ஹோனியாரா எரிந்தது. 2019இல் அரசு தைவானைக் கைவிட்டுப் பெய்ஜிங் பக்கம் சாய்ந்தது, மலைட்டா மாகாணத்துக்கு அது பிடிக்கவில்லை, வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்துகொள்ள, 2021 நவம்பரில் மறுபடியும் தீ. கோபம் ஆட்சியாளர் மேல், எரிந்தது கடைக்காரர் சொத்து. தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் குடும்பமா, நேற்று வந்தவரா என்றெல்லாம் கூட்டம் பார்க்காது.

கேள்வி: மொரீஷியஸில் இப்போதும் அந்தக் கடைகள் இருக்கின்றனவா?

பதில்: இருக்கின்றன, ஆனால் குறைந்துவிட்டன. பிள்ளைகள் படித்து கனடா, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள், மிச்சத்தை சூப்பர் மார்க்கெட் பார்த்துக்கொண்டது. சீனர்கள் மக்கள்தொகையில் மூன்று சதவீதம்கூட இல்லை, ஆனாலும் சீனப் புத்தாண்டுக்கு அங்கே அரசு விடுமுறை. தைப்பூசக் காவடிக்கும் உண்டு.